வீட்டுக்குள்ளே தொடங்கிய சீர்திருத்தம்: கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை



கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது பசுவும் கன்றும்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களில் சிறு வயதில் அவருடைய பாடல் ஒன்றையாவது பாடாதவர்கள் மிகச் சிலரே. நம் குமரி மாவட்டத்தில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளும் தெருக்களும் உண்டு. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

குழந்தைகளுக்காகப் பாடிய இந்த மென்மையான மனிதர், தாம் பிறந்த சமுதாயத்தின் சொத்துரிமை வழக்கத்தையே கேள்வி கேட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. தந்தையை இழந்த பிள்ளைகளும் கணவனை இழந்த பெண்களும் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலையை அவர் கண்டார். கண்டதை எழுதினார். அவர் எழுதிச் சில ஆண்டுகளில் சட்டமும் மாறியது. இந்த வாழ்க்கை வரலாறு நம் குடும்பங்களுக்கும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. அதைச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

தேரூரில் பிறந்த ஆசிரியர்

கவிமணி 1876ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள தேரூரில் பிறந்தார். தந்தை சிவதாணுப் பிள்ளை, தாய் ஆதிலட்சுமி அம்மாள். ஒன்பது வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் பராமரிப்பில் வளர்ந்தார்.

அக்காலத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களாகிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. வீட்டிலும் வயலிலும் தமிழ், பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் மலையாளம் என்ற நிலை. கவிமணியும் தொடக்கப் பள்ளியில் மலையாளமே படித்தார். தமிழைத் தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். ஊர்ப்பக்கத்து மடத்தில் ஒரு பெரியவர் பொறுமையோடு சொல்லிக்கொடுத்த தமிழ்தான் பின்னாளில் ஒரு பெருங்கவிஞரை நமக்குத் தந்தது.

1901ஆம் ஆண்டில் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்று, கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் சொல்லிக்கொடுத்து 1931இல் ஓய்வு பெற்று, புத்தேரியில் வாழ்ந்தார். பெரிய பதவிகளை வகித்தவரல்லர், கட்சித் தலைவரும் அல்லர். ஓர் ஆசிரியராகவே வாழ்ந்தவர்.

மருமக்கள் வழி என்னும் வழக்கம்

நாஞ்சில் நாட்டு வேளாளர் சமுதாயத்தில் அன்று மருமக்கள் வழி என்னும் உரிமை முறை நிலவியது. ஒருவருடைய சொத்து அவருடைய மகனுக்கோ மகளுக்கோ சேராது. அவருடைய சகோதரியின் பிள்ளைகளாகிய மருமக்களுக்கே சேரும். குடும்பத்தில் மூத்த ஆண் காரணவர் எனப்பட்டார். நிலம், வீடு, நெல், பணம் எல்லாம் அவர் கையில் இருக்கும். பொதுச் சொத்தை எளிதில் பங்கு பிரிக்கவும் முடியாது.

சொத்து தாய்வழியாக வருவதால் பெண்களுக்கு இதில் நன்மைதானே என்று நமக்குத் தோன்றலாம். கேரளத்தின் நாயர் குடும்பங்களில் பெண் தான் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தாள். கணவன் இறந்தாலும் அவளுக்குத் தன் வீடு இருந்தது. நாஞ்சில் நாட்டில் நிலைமை வேறு. இங்கே பெண் திருமணமாகிக் கணவன் வீட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளைகளும் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்வார்கள். கணவனோடு சேர்ந்து நெல் அவித்து, மாடு பார்த்து, அந்த வீட்டுக்காகவே உழைப்பாள். ஆனால் கணவன் கண்ணை மூடியதும் அந்த வீடு அவளுடையது இல்லை என்றாகிவிடும். கணவனின் சகோதரி மகன் புதிய காரணவராக வருவான். உகந்துடைமை என்ற பெயரில் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பங்கு கிடைப்பதுண்டு. மற்றபடி, உழைத்த வீட்டிலிருந்து பிள்ளைகளோடு இறங்கிப் போக வேண்டியதுதான்.

இந்த முறை ஆண்களையும் வாட்டியது. தம் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது என்று தெரிந்த தந்தை, உயிரோடு இருக்கும்போதே இரகசியமாக அவர்களுக்குக் கொஞ்சம் சேர்த்துவைக்க முயல்வார். மருமக்கள் அதைக் கண்டு சந்தேகப்படுவார்கள். பொதுச் சொத்தைக் காரணவர் அழிக்கிறார் என்று நீதிமன்றத்துக்குப் போவார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். வக்கீல் கட்டணத்துக்கும் கடனுக்கும் வயல்கள் கைமாறும். மாமனும் மருமகனும் எதிரிகளாவார்கள், தந்தைக்கும் மகனுக்கும் இடையே உரிமை இருக்காது. பிள்ளைகளைக் கரையேற்றும் பொறுப்பு சட்டப்படி தந்தைமேல் இல்லாததால், வசதி படைத்தவர்கள் ஒன்றுக்கு மேல் மணம் செய்வதற்கும் தடையில்லாமல் போயிற்று.

எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் முன்னோர் வைத்த வழக்கம் என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள்.

ஒரு பெண்ணின் குரலில்

கவிமணி இந்தச் சமுதாயத்திலேயே பிறந்தவர். அவர் மேடை ஏறி யாரையும் ஏசவில்லை, சொந்தக்காரர்களைப் பெயர் சொல்லித் தாக்கவும் இல்லை. அவர் கையில் எடுத்தது நகைச்சுவை. பண்டித எஸ். முத்துசாமிப் பிள்ளை நடத்திய தமிழன் என்னும் இதழில், 1917, 1918ஆம் ஆண்டுகளில் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்ற நீண்ட கவிதையைத் தொடராக எழுதினார்.

மான்மியம் என்பது ஒரு திருத்தலத்தின் பெருமையைப் பாடும் நூல் வகை. அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, பெருமையே இல்லாத ஒரு வழக்கத்தின் பெருமையைப் பாடுவதுபோல் அவர் பாடினார். பெரிய காவியங்களைப்போல் படலம் படலமாகப் பிரித்தார். மாமியார் நடத்தும் ஆட்சிக்கு ஒரு படலம், வழக்காடிக் குடும்பம் அழிந்ததற்கு ஒரு படலம். நாஞ்சில் நாட்டு அடுக்களையிலும் களத்துமேட்டிலும் பேசும் பேச்சு அப்படியே நூலுக்குள் வந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது, தாங்கள் சிரித்தது தங்கள் வீட்டைப் பார்த்துத்தான் என்று புரிந்துகொண்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கதையைச் சொல்வது கவிஞர் அல்ல. ஐந்து பெண்களை மணந்த ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவிதான் தன் கதையைச் சொல்கிறாள். அந்த வீட்டில் மிகக் குறைந்த உரிமை உள்ளவள் அவளே. ஊர்க் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை, நீதிமன்றத்தில் அவளுக்காக வாதாட ஆளில்லை. அவளைத்தான் கவிமணி பேச வைத்தார். கற்ற ஆண்மகன் ஒருவர், தம் குரலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பெண்ணின் குரலுக்குத் தம் தமிழைக் கொடுத்தார். அந்த நூலின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

எழுத்தும் சட்டமும்

அதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் அமெரிக்காவிலும் சீர்திருத்தக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அங்கே எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் தொழிற்சாலைகளுக்கும் குடிசைகளுக்கும் நேரில் சென்று, கண்டதை எழுதினார்கள். சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் பட்ட பாட்டை அப்டன் சிங்ளேர் ஒரு நாவலாக எழுதினார். 1906இல் அது நூலாக வந்தது. அதே ஆண்டில் உணவுத் தூய்மைக்கும் இறைச்சிச் சோதனைக்கும் அந்நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1920இல் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. எழுத்து மக்களின் மனச்சான்றை எழுப்பினால் சட்டமன்றத்தின் கதவும் திறக்கும் என்பதற்கு அவை சான்று. நம் தேரூர் ஆசிரியரின் கதையும் அந்த வரிசையில் சேர்ந்ததே.

திருவிதாங்கூரில் மருமக்கள் வழியைத் திருத்தும் பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1908இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. நாயர் சமுதாயத்துக்கு 1912இலும் பின்னர் 1925இலும் சட்டங்கள் வந்தன. ஈழவ சமுதாயத்துக்கு 1925இல் வந்தது. அரசுப் பொறுப்பில் மகாராணி சேது லட்சுமி பாய் இருந்த காலத்தில், 1926ஆம் ஆண்டு, நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவிக்கும் மக்களுக்கும் கணவனின், தந்தையின் சொத்தில் உரிமை உண்டு என்பது சட்டமாயிற்று. குடும்பச் சொத்தைப் பங்கு பிரிக்கவும் வழி பிறந்தது.

ஒரு கவிதையால் மட்டும் சட்டம் வந்துவிடவில்லை. விண்ணப்பம் எழுதியவர்கள், கூட்டம் கூட்டியவர்கள், சபைகளில் வாதாடியவர்கள் எனப் பலருடைய உழைப்பு அதில் உண்டு. ஆனால் சட்டம் வருவதற்கு முன் மனம் மாற வேண்டும். அந்த மனமாற்றத்துக்கு மான்மியம் பெரிதும் உதவியது என்பதை நாஞ்சில் நாட்டார் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அது 1942இல் நூலாகவும் வெளிவந்தது.

விரிந்த உள்ளம்

கவிமணியின் பரிவு தம் சமுதாயத்தோடு நிற்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில்தான் 1924இல் வைக்கத்திலும், 1926இல் அவருடைய ஊருக்குப் பக்கத்திலேயே சுசீந்திரத்திலும், கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் அறப்போர் நடத்தினார்கள். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலய நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். தீண்டாமையின் கொடுமையைக் கவிமணி தம் பாடல்களில் எடுத்துச் சொன்னார். பெண்களின் உரிமை பற்றியும் பாடினார். எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் வரலாற்றைத் தழுவி ஆசிய ஜோதி என்ற நூலைப் படைத்தார். அதில், களைத்து விழுந்து கிடக்கும் புத்தருக்குப் பால் தரத் தாழ்ந்த குலத்துச் சிறுவன் தயங்குகிறான். இரத்தத்திலும் கண்ணீரிலும் சாதி இல்லை என்று புத்தர் அவனுக்கு உணர்த்தி, அந்தப் பாலைக் கேட்டு வாங்கிப் பருகுகிறார். தமிழில் அந்தப் பகுதியைப் படிப்பவர் எவரும் அதை மறப்பதில்லை.

1940 டிசம்பரில் சென்னையில் நடந்த விழாவில் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை அவருக்குக் கவிமணி என்ற பட்டத்தை வழங்கினார். பட்டம் பெற்ற பிறகும் புத்தேரியின் அமைதியான வாழ்க்கையை அவர் விட்டுவிடவில்லை. 1954 செப்டம்பர் 26ஆம் நாள் காலமானார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1956 நவம்பர் 1ஆம் நாள், அவர் பாடிய நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தது.

அடுத்த வீட்டுக் கதையா?

இதுவரை படித்த நாம், இது வேறொரு சமுதாயத்தின் கதைதானே என்று எண்ணலாம். அப்படி எண்ணி நகர்ந்துவிட முடியாது. மருமக்கள் வழியைக் கேலி செய்து கவிமணி எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், 1916ஆம் ஆண்டில், அதே திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மகனுக்குக் கிடைக்கும் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்று அந்தச் சட்டம் சொன்னது. சீதனம் வாங்கியவளுக்கு அதுவும் இல்லை. ஆண், பெண் இருவருக்கும் சமமாகப் பிரித்துக்கொடுக்கும் வழக்கமுள்ள சில பிரிவினருக்கு அதில் விலக்கு இருந்தது. ஆனால் ஏராளமான கிறிஸ்தவப் பெண்களின் வாழ்வை அந்தச் சட்டமே தீர்மானித்தது.

அதை மாற்றக் கேரளத்தின் மேரி ராய் என்ற ஆசிரியை உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 1986இல் தீர்ப்பு வந்தது. முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியது. அதன்படி, உயில் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 1951இல் திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்துக்கும் இது பொருந்துகிறது. கவிமணியின் சமுதாயத்துப் பெண்களுக்கு 1926இல் விடிந்தது. நம் சகோதரிகளில் பலர் அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

சட்டம் மாறிவிட்டது. நம் வீடுகள் மாறிவிட்டனவா? மகளுக்குத்தான் நகை போட்டாயிற்றே, சீதனம் கொடுத்தாயிற்றே என்ற பேச்சை நாம் கேட்காமல் இல்லை. தந்தை இறந்த நாற்பதாம் நாள் முடியுமுன்னே, சகோதரிகளைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் குடும்பங்கள் உண்டு. கையெழுத்துப் போட மறுத்தால் பிறந்த வீட்டு உறவே அறுந்துவிடும் என்ற அச்சத்தில் பேசாமல் கையெழுத்திடும் பெண்களும் உண்டு. கணவனை இழந்த மருமகளையும் பிள்ளைகளையும் பாரமாகப் பார்க்கும் வீடுகளும் இல்லாமல் இல்லை. காரணவர் என்ற பெயர் மறைந்துவிட்டது. காரணவரின் மனம் மறைந்துவிட்டதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆண் பிள்ளை இல்லாமல் இறந்த ஒருவருடைய ஐந்து புதல்வியர் மோசேயின்முன் நின்று, தந்தையின் பெயர் ஏன் மறைய வேண்டும், எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே அதை ஆண்டவர்முன் கொண்டுசெல்கிறார். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவரே தீர்ப்பளிக்கிறார். உரிமை கேட்ட பெண்களை அவர் பேராசைக்காரிகள் என்று சொல்லவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

கவிமணியிடம் அதிகாரமும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. அவர் செய்தவை மூன்று. தம் வீட்டுக்குள் நடப்பதைக் கண் திறந்து பார்த்தார். பேச முடியாதவளைப் பேச வைத்தார். சொந்தக்காரர்களைப் பகைக்காமல், ஆனால் உண்மையை மறைக்காமல் சொன்னார்.

இம்மூன்றும் நமக்கும் முடியும். நம் அன்பியக் கூட்டங்களில் நோயாளிகளுக்காகவும் வேலை தேடும் இளைஞருக்காகவும் செபிக்கிறோம். ஒரு மாதமேனும், நம் வீட்டுச் சொத்துப் பங்கீடு நியாயமாக நடக்கிறதா என்று பேசிப் பார்ப்போம். பெற்றோர் உடல்நலத்தோடு இருக்கும்போதே, மகனையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து, உயிலை எழுதிவைப்போம். கையெழுத்துக் கேட்குமுன் அந்தச் சகோதரியின் மனத்தில் இருப்பது என்ன என்று கேட்போம். கணவனை இழந்த மருமகள் அந்த வீட்டின் மகளே என்பதைச் செயலில் காட்டுவோம்.

அநீதி எங்கோ தொலைவில் நடக்கும்போது கண்டிப்பது எளிது. நம் கூரையின்கீழ் நடக்கும்போது அதைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை, புன்னகை மாறாமல் செய்துவிட்டுப் போன தேரூர் ஆசிரியர் ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்தார். அடுத்த முறை நம் பிள்ளைகள் பசுவையும் கன்றையும் பற்றிப் பாடும்போது, அந்தப் பாடலைத் தந்தவர் வீடிழந்த ஒரு பெண்ணுக்காகவும் எழுதினார் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். நம் பெண் பிள்ளைகளும் அதைக் கேட்கட்டும்.